நகர்த்தாமல் விட்டது

பக்கிரியின் ஆட்கள் முதல் ஹார்ட் டிஸ்கைச் சிமெண்டுத் தரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்தபோதே, அவர்கள் தேடிவந்தது அதில் இல்லை என்று இசைவாணிக்குத் தெரியும். நான்கு டிஸ்குகளில் எதிலுமே இல்லை. முந்தின நாள் குறிஞ்சிப்பாடி மண்டபத்தில் எடுத்த கல்யாணம் முழுவதும், அந்த அடிதடி உட்பட, சர்வர் பெட்டிக்குள் மதர்போர்டின்மேல் ஒற்றைத் திருகாணியில் ஒட்டிக்கொண்டிருந்த கேஷ் டிரைவில் இருந்தது. சூயிங்கம் பட்டை அளவுதான் அது. பெட்டியைக் கவிழ்த்து டிஸ்குகளைப் பிடுங்கியவனின் விரல் அதை உரசிக்கொண்டுதான் போனது. அவன் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ராபர்ட்டும் இசைவாணியும் கடலூர் முதுநகரில், குடியிருக்கும் வீட்டின் முன் அறையிலேயே கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்திவந்தார்கள். போய்ப் படம் எடுப்பது ராபர்ட். எடிட்டிங்கும் சர்வரும் அவள் பொறுப்பு. பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் நான்கு பெரிய டிஸ்குகளைப் போட்டு அந்த சர்வரை உருவாக்கியவளும் அவள்தான். பெரிய டிஸ்குகள் மெதுவாக வேலை செய்யும், ஆனால் நம்பலாம். நாலில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றை வைத்து அதிலிருந்ததை மீட்டுவிடலாம். கேஷ் டிரைவ் அப்படியில்லை. வேகம் ஜாஸ்தி, துணை கிடையாது. புதிதாக வரும் எதுவும் முதலில் அதில்தான் இறங்கும். மண்டபத்துக்கு வண்டியில் வந்த சாமானை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, அப்புறம் ஸ்டோர் ரூமுக்குத் தூக்கிப்போவதில்லையா, அதுபோல. தூக்கிப்போகும் வேலை தினமும் தானாக நடக்கும்படி அமைத்திருந்தாள். போன வாரம் சிதம்பரத்து ரிசப்ஷன் ஒன்றை அவசரமாக எடிட் பண்ணவேண்டி வந்தது. நடுவில் இந்த நகர்த்தல் தொடங்கி எல்லாம் நொண்டியடிக்கவே, அதை நிறுத்திவைத்தாள். நிறுத்தியது நினைவில் இருந்தது. கேஷ் நிறைந்துகொண்டே வருவதைத் தினமும் பார்த்தாள். வேண்டாததை அழித்து, வருவதற்கு இடம் பண்ணி, இந்த வேலை முடியட்டும் முடியட்டும் என்று ஓட்டிக்கொண்டிருந்தாள். "அதுக்கு ஒரு ஜோடி வாங்கிப் போடுங்க மாமா. அது போச்சுன்னா அதுல இருக்கறதும் அத்தோட போச்சு" என்று ராபர்ட்டிடம் சொல்லாத மாதம் கிடையாது. பார்க்கலாம் என்பான்.

கல்யாணம் பக்கிரியின் மகள் சுவேதாவுக்கு. பக்கிரி மேல்பட்டாம்பாக்கத்துக்குப் பக்கத்தில் கரும்பு போடுகிறவர். மாப்பிள்ளை செந்தமிழ்செல்வன் சிதம்பரத்துப் பக்கம். மண்டப வாசலில் கட்டிய ஃப்ளெக்ஸ் பேனரில் மாப்பிள்ளையின் தாய்மாமன் படம் விட்டுப்போயிருந்தது. தாலி கட்டும்வரை அது முணுமுணுப்பாக இருந்தது; பந்தியில் வார்த்தையானது. தாய்மாமன் மகன் அன்புமணி எச்சில் கையோடு எழுந்துபோய்ப் பேனரைக் கிழித்தான். சுவேதாவின் அண்ணன் செம்பியன் அவன் சட்டையைப் பிடித்தான். சிப்காட்டில் வெல்டர் வேலை பார்க்கும் செம்பியனுக்கு இரும்பு தூக்கிப் பழகிய உடம்பு; அன்புமணி அவனைவிட ஒரு சுற்று பெரியவன். நாற்காலிகள் பறந்தன, சாம்பார் வாளி உருண்டது, இரண்டு வீட்டு ஆம்பளைகளும் கைக்கு அகப்பட்டவனை அடித்தார்கள். கூட்டம் விலகியபோது அன்புமணி மண்டை பிளந்து கிடந்தான். ராபர்ட்டின் லைட் ஸ்டாண்டு செம்பியன் கையில் இருந்தது. நான்தான் அடித்தேன் என்று அவனே சொன்னான், அவனே போலீஸ் ஜீப்பில் ஏறினான். அன்புமணியைச் சிதம்பரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நினைவு திரும்பவில்லை.

கீழே விழுந்த கேமராவைப் பிறர் காலுக்கடியிலிருந்து இழுப்பதிலேயே இருந்த ராபர்ட் அந்த அடியைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெமரி கார்டுகளை மேசையில் கொட்டினான். "எறக்கி வை வாணி. இன்ஸ்பெக்டர் கேட்டிருக்காரு, நாளைக்கு சாயந்தரம் குடுக்கணும்." அவள் எதையும் திறந்து பார்க்காமல் இறக்கிவைத்தாள்.

மறுநாள் காலை பத்து மணி வெயிலில் பக்கிரி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பின்னால் அவர் ஊர் ஆட்கள் ஐந்தாறு பேர். யார் கையிலும் எதுவும் இல்லை. எல்லாம் வெளியே வேனில் இருந்திருக்கிறது.

"தம்பி, அந்த வீடியோவக் குடுத்துடு" என்று கைகூப்பினார். கண் உள்ளே போயிருந்தது, நேற்றைய பட்டுச்சட்டையையே போட்டிருந்தார்.

"கேஸாயிடுச்சுங்க. இனிமே ஸ்டேஷன்லதான் குடுப்பேன். நீங்களும் அங்க வாங்க" என்றான் ராபர்ட்.

"பொண்ணப் பெத்தவன் கேக்கறேன்."

"அடிச்சது ஒங்க பையன். பொண்ணு எங்க வந்துது இதுல?"

பக்கிரி அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பின்னால் திரும்பி, "ஒண்ணு உடாம ஒடைங்க" என்றார். குரலை உயர்த்தக்கூட இல்லை.

கேமராக்களையும் கார்டுகளையும் லேப்டாப்பையும் ஒரு கோணிப்பையில் போட்டுக்கொண்டார்கள். மானிட்டரைச் சுவரில் அறைந்தார்கள். சர்வர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கடப்பாரையால் நெம்பி, ஒயரோடு டிஸ்குகளைப் பிடுங்கினார்கள். முதல் அடியில் டிஸ்கின் மூடி குழிந்தது. இரண்டாவது அடியில் உள்ளே தகடுகள் சில்லுசில்லாக நொறுங்கின. தட்டு உடைவதைப்போன்ற சின்னச் சத்தம். எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள், பிறந்தநாள்கள், பூப்புநீராட்டுகள். 'அய்யா, நீங்க தேடறது அதுல இல்ல, அந்தச் சின்னதுல இருக்கு, அத எடுத்துக்கிட்டுப் போங்க' என்று சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் போதும். சொன்னால் மீதி மூன்றும் பிழைக்கும், மூன்றை வைத்து நாலாவதையும் மீட்டுவிடலாம். வார்த்தை நாக்கின்மேல் வந்து நின்றது. அப்போது சம்மட்டி வைத்திருந்தவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான். உனக்கு எது வேண்டுமோ அது மட்டும் உனக்குக் கிடைக்காதுடா என்று ஒரு கொதி எழுந்து அவள் வாயைப் பூட்டியது.

இரண்டாவது டிஸ்கும் போனது. மூன்றாவதை வைத்தபோது ராபர்ட் அதன்மேல் குப்புற விழுந்தான். முடியைப் பிடித்து இழுத்தார்கள், விலாவில் உதைத்தார்கள், அவன் அதைக் கட்டிக்கொண்டு விடவில்லை. ஒருவன் இரும்புக் குழாயை ஓங்கி அவன் வலது மணிக்கட்டில் இறக்கினான். காய்ந்த கரும்பை முறிக்கும் சத்தம். ராபர்ட் கத்தவில்லை, உள்ளே இழுத்த மூச்சு அப்படியே நின்றுபோனது. அதற்கப்புறமும் குழாய்க்காரன் இன்னொரு முறை ஓங்க, இசைவாணி பாய்ந்து அவன் முன்கையைக் கடித்தாள். தோல் கிழிந்து அவன் ரத்தத்தின் உப்பு அவள் வாய்க்குள் வந்தது. முழங்கையால் அவள் முகத்தில் இடித்தான். உதடு பிளந்து, முன்பல் ஒன்று நாக்கின்மேல் விழுந்தது.

எல்லாம் முடிந்து அவர்கள் வேனில் ஏறியபின் பக்கிரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். "மன்னிச்சிடும்மா" என்றார். அவள் வாயிலிருந்ததை அவர் பக்கம் துப்பினாள்.

ராபர்ட்டுக்குக் கடலூர் ஆஸ்பத்திரியில் மணிக்கட்டைத் திறந்து பிளேட் வைத்தார்கள். விரல்கள் பழையபடி இறுகிப் பிடிக்குமா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் டாக்டர் சொன்னார். போலீஸ்காரர் வந்து விசாரித்தபோது, "எல்லாம் போச்சு சார்" என்றான் ராபர்ட். இசைவாணி கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தாள். உதட்டில் தையல் போட்டிருந்ததால் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் பகலில் ராபர்ட்டின் தங்கை ஆஸ்பத்திரியில் இருக்க, அவள் வீட்டுக்குப் போனாள். நெளிந்த பெட்டியை மடியில் வைத்து அந்தத் திருகாணியைக் கழற்றினாள். டிரைவின் ஒரு மூலையில் கீறல், வேறு சேதமில்லை. கடையில் வாங்கிய சின்ன டப்பாவில் அதைப் பொருத்தி, பரணில் கிடந்த பழைய லேப்டாப்பில் செருகினாள். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு ஃபோல்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. நகர்த்தாமல் விட்டதெல்லாம் இருந்தது.

இரண்டு கேமராக்களில் காலும் வேட்டியும்தான். மூன்றாவது, மேடைக்கு எதிரே ஸ்டாண்டில் அசையாமல் நின்ற கேமரா, எல்லாவற்றையும் பார்த்திருந்தது. செம்பியன் மல்லாந்து கிடக்கிறான். அன்புமணி அவன் நெஞ்சின்மேல் உட்கார்ந்து, துண்டை அவன் கழுத்தில் சுற்றி முறுக்குகிறான். செம்பியனின் குதிகால்கள் தரையில் அடித்துக்கொண்டு, பிறகு அடிப்பது குறைகிறது. சுற்றிலும் ஆட்கள், அவரவர்க்கு அவரவர் சண்டை. மேடையிலிருந்து சுவேதா இறங்குகிறாள். மாலை ஒரு பக்கம் அறுந்து தொங்குகிறது. ராபர்ட்டின் லைட் ஸ்டாண்டை இரண்டு கையாலும் பிடுங்க, மேலே இருந்த விளக்கு கீழே விழுந்து சிதறுகிறது. அடிக்கிறாள். அன்புமணி துண்டை விட்டுவிட்டுப் பின்மண்டையில் கை வைத்துத் திரும்பி, யார் என்று பார்க்கிறான். அவன் பார்க்கும்போதே இரண்டாவது அடி. சரிந்தவன்மேல் மூன்றாவது. செம்பியன் இருமிக்கொண்டே தவழ்ந்து வந்து ஸ்டாண்டை அவள் கையிலிருந்து பறித்து, அவளைப் பின்னால் தள்ளுகிறான். மேடை ஓரத்தில் மாப்பிள்ளை நின்றுகொண்டிருக்கிறான். முதல் அடியிலிருந்து கடைசிவரை அவன் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இசைவாணி அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டாள். மூன்றாவது அடி விழும்போதெல்லாம் தன் வலது கை முஷ்டியாகிவிடுவதைக் கவனித்தாள். அந்தக் குழாய்க்காரன் தலையும் சிரித்தவன் தலையும் அங்கே கிடப்பதாக அவள் மனசு வைத்துக்கொண்டது. அடி, இன்னும் அடி என்று உள்ளே யாரோ சொன்னார்கள். லேப்டாப்பை அறைந்து மூடினாள்.

சாயந்தரம் ராபர்ட்டிடம் சொன்னாள். தையல் போட்ட வாயோடு மெதுவாக, முழுவதையும் சொன்னாள். அவன் தலையணையிலிருந்து எழுந்தே உட்கார்ந்துவிட்டான்.

"இருக்குதா? அப்ப குடு. இப்பவே போன் போடு இன்ஸ்பெக்டருக்கு. அந்தக் குடும்பம் மொத்தமும் சந்தி சிரிக்கணும்."

"அந்தப் பொண்ணுதான் மாமா அடிச்சது. செம்பியன் இல்ல."

"அடிச்சா போவட்டும் உள்ள. என் கைய இன்னா செஞ்சானுங்கன்னு பாத்தியா நீ? இத வெச்சி இனிமே கேமரா தூக்குவனா?"

அவன் திடீரென்று ஏதோ கணக்குப் போடுவதுபோல நிறுத்தினான்.

"கேஷ்லதான் இருக்குதுன்னு ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அப்பவே தெரியும்."

"எப்ப?"

"மொத டிஸ்க ஒடச்சப்போ."

வார்டில் எதிர்க்கட்டில் பெண் டம்ளரில் பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். ராபர்ட் இடது கையால் இசைவாணியை அறைந்தான். பழக்கமில்லாத கை, குறி தப்பிக் காதில் பாதியும் கன்னத்தில் பாதியுமாக விழுந்தது. உதட்டுத் தையல் ஒன்று பிரிந்தது. அவன் தன் கையையே பார்த்தான். பிறகு கட்டுப்போட்ட கையை முகத்தின்மேல் வைத்துக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழுதான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கை இருந்திருக்கும் என்பதை அவன் சொல்லவேண்டிய அவசியமில்லை. அவள் சேலை முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை சிதம்பரம் பஸ்ஸில் ஏறினாள். டிரைவ் கைப்பையில், கைக்குட்டையில் சுற்றியிருந்தது. ஏன் போகிறோம் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. அன்புமணி கண்ணைத் திறந்துவிட்டால் எல்லாம் கொஞ்சம் லேசாகிவிடும், எதையும் முடிவுபண்ணவேண்டி இருக்காது என்று ஒரு நினைப்பு. ஆலப்பாக்கம் தாண்டும்வரை தூங்கினாள். பரங்கிப்பேட்டை பிரிவில் முழிப்பு வந்தபோது பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டிருந்தாள்.

தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே நீளமான வராந்தா. ஆம்பளைகள் சுவரோரம் குந்தியிருந்தார்கள், அவள் போனபோது பேச்சை நிறுத்திப் பிறகு தொடர்ந்தார்கள். பெயில் கிடைத்துச் செம்பியன் வெளியே வரட்டும், அவன் வராவிட்டால் அவன் அப்பன் இருக்கிறான் என்பதுதான் பேச்சு. அன்புமணியின் அம்மா இருசம்மாள் பாயில் உட்கார்ந்திருந்தாள். அவள் காலடியில் உட்கார்ந்து, கழுத்தில் மஞ்சள் கயிறு இன்னும் மங்காமல், தட்டிலிருந்து இட்லியைப் பிட்டு ஊட்டிக்கொண்டிருந்தவள் சுவேதா. இசைவாணியின் கால் நின்றுவிட்டது. ஆல்பம் மாடல் பார்க்க ஒருமுறை ஸ்டுடியோவுக்கு வந்து, எதைக் காட்டினாலும் நல்லாயிருக்குக்கா என்று சிரித்த பெண். சுவேதா நிமிர்ந்தாள். உதட்டுத் தையலைப் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு வராந்தாக் கடைசியிலிருந்த குழாய்க்கு நடந்தாள். இசைவாணி பின்னால் போனாள்.

"எங்கப்பா பண்ணது தெரியும்க்கா. எல்லாத்தையும் ஒடச்சிட்டேன்னு சொன்னாரு."

"ஒண்ணு இருக்குது."

பாட்டில் நிரம்பி வழிந்து அவள் மணிக்கட்டு மருதாணிமேல் ஓடியது.

"பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எனக்கு ஒரு அடிதாங்க்கா ஞாபகம் இருக்குது. எத்தன அடிச்சேன்?"

"மூணு."

சுவேதா தலையை ஆட்டினாள். பிறகு குழாயைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "மொத அடியிலயே அண்ணன உட்டுட்டானா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு பொய்யை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஆனால் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்த கண்ணை வைத்துக்கொண்டு இசைவாணிக்குப் பொய் வரவில்லை.

"உட்டுட்டான்."

சுவேதா குழாயை மூடினாள். பாட்டிலைச் சேலையால் துடைத்தாள், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். "நா சொல்லிடறேன்னு அவர்கிட்ட சொன்னேங்க்கா. வாயத் தொறந்தீன்னா இங்கயே வெட்டிப் போட்டுடுவானுங்கன்றாரு. அண்ணனும் கம்முனு இருக்கச் சொல்லி ஆள் அனுப்புது. அந்தம்மா வேற யாரு குடுத்தாலும் சாப்புட மாட்டேங்குது. ஒங்கண்ணன் பண்ணதுக்கு நீ இன்னாடி பண்ணுவ, குடுன்னு எங்கிட்டதான் வாய தொறக்குது."

இசைவாணியின் கை பைக்குள் போய்க் கைக்குட்டையைத் தொட்டது. கொடுப்பதா, காட்டுவதா, இவளையே கேட்பதா என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் வார்டுக் கதவு திறந்தது. செந்தமிழ்செல்வன் வெளியே வந்தான். சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கி உட்கார்ந்தான்.

வராந்தா ஒரு கணம் புரியாமல் இருந்தது. பிறகு குந்தியிருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒருவன் ஜன்னல் கண்ணாடியை வெறுங்கையால் குத்தினான், ரத்தம் சொட்டச் சொட்ட, "பக்கிரி ஊட்டக் கொளுத்துங்கடா. ஒருத்தனும் இருக்கக்கூடாது" என்றான். செருப்புச் சத்தம் படிக்கட்டில் இறங்கியது. கீழே பைக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக உறுமின. ஸ்ட்ரெச்சர் தள்ளிவந்த ஊழியரை ஒருவன் இடித்துத் தள்ளிவிட்டுப் போனான்.

செம்பியன் இல்லை என்று இப்போது கத்தினால் அந்தப் பைக்குகள் நின்றுவிடும். நின்றால் திரும்பி மேலே, சுவேதாவிடம் வருவார்கள். இசைவாணி போனை எடுத்தாள். கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த அன்று பதிந்துவைத்த எண் இருந்தது. தன் புருஷன் கையை ஒடித்தவர்களைக் கூட்டிவந்த மனுஷனின் எண். இரண்டுமுறை தவறி, மூன்றாவது முறை மணி போனது.

"யாரும்மா?"

"வீடியோக்காரர் ஊட்டுலேருந்து பேசறேன். ஊட்ட உட்டுக் கெளம்புங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் கெளம்புங்க. அந்தப் பையன் போயிட்டான். வண்டிங்க கெளம்பிடுச்சி."

இருசம்மாளின் குரல் அப்போதுதான் எழுந்தது. பாயிலிருந்து எழுந்து, எதிரே தண்ணீர் பாட்டிலோடு நின்ற சுவேதாவைப் பார்த்தாள். பாய்ந்து அவள் கொண்டையைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "கொன்னுட்டானே, ஒங்கண்ணன் கொன்னுட்டானே" என்று முகத்திலும் மார்பிலும் மாறி மாறிக் குத்தினாள். வளையல்கள் உடைந்து இரண்டு பேர் கையையும் கிழித்தன. செந்தமிழ்செல்வன் எழப்பார்த்து, எழாமல் உட்கார்ந்துவிட்டான். சுவேதா கையைத் தூக்கித் தடுக்கவில்லை. நெற்றியிலிருந்து வழிந்தது புருவத்தில் தேங்கியது.

"எம்மா, பாப்பா எங்க இருக்குது? ஒங்க பக்கத்துல இருக்குதா?" என்று போனில் பக்கிரி கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீழே சரியப்போன இருசம்மாளைச் சுவேதா அக்குளுக்கடியில் இரண்டு கையும் கொடுத்துத் தாங்கிப்பிடித்தாள். அந்தப் பாரத்துக்கு அவள் கால் அகன்றது, முதுகு வளைந்தது, ஆனாலும் விடவில்லை. தன் முழுக் கனத்தையும் அவள்மேல் போட்டுத் தொங்கியபடியே இருசம்மாள், ஓய்ந்துபோன கையால் அவள் முதுகில் அடித்துக்கொண்டிருந்தாள்.